கால் நீட்ட இடம்

மறைக்குதா சார்? மறைக்குதுன்னா நேரா சொல்லிடுங்க, பின்னாடி நின்னு முனகாதீங்க. "லைட்டுக் கம்பம் மாதிரி நிக்கறாரு"ன்னு சொன்னது நீங்கதானே? பரவாயில்ல. நான் இ.பி.ல அசிஸ்டன்ட் இன்ஜினியரா இருந்து ரிட்டையர் ஆனவன். கம்பம்னு சொன்னா எனக்குக் கோவம் வராது. வேற எது சொன்னாலும் வரும்.

இப்படி முன்னாடி வாங்க. கம்பியைப் பிடிச்சுக்கங்க. யாருக்காக நிக்கறீங்க? மச்சானா? மஸ்கட்லேர்ந்தா? அடையாளம் சொல்லுங்க, நான் பாத்துச் சொல்றேன். சிவப்புத் தொப்பியா? அவ்வளவுதானே. இந்தக் கூட்டத்துல அத்தனை தலைக்கும் மேல எனக்குத் தெரியும். உங்க மச்சான் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன். கவலைய விடுங்க.

நான் என் பொண்ணுக்காக நிக்கறேன். எழிலரசின்னு பேரு. டல்லாஸ்லேர்ந்து வர்றா. கூட என் சம்சாரம் சுலோசனா. அப்புறம் என் பேரன். பொறந்து ஆறு மாசம் ஆகுது, இன்னும் நான் நேர்ல பாக்கல. போன்ல பாத்திருக்கேன். போன்ல என்ன தெரியும்? மூஞ்சி தெரியும், அதுவும் பாதி நேரம் நெத்திதான் தெரியும். இன்னைக்குத்தான் கையில வாங்கப் போறேன். பொண்ணு கொடுப்பாளான்னு தெரியல. அது வேற கதை. அதே கதைதான்னும் வச்சுக்கலாம்.

கோவமா இருக்கற மாதிரி தெரியுதா? ஆமா சார், கோவத்துலதான் நிக்கறேன். உள்ளேர்ந்து ஒருத்தன் வருவான். அவன் வரட்டும். பொண்ணைக் கூப்பிட வந்தது பாதி, அவனை நிறுத்தி நாலு வார்த்தை கேக்க வந்தது பாதி. பெட்டியெல்லாம் வர இன்னும் நேரம் ஆகும், சொல்றேன் கேளுங்க.

என் உயரம் ஆறடி நாலு அங்குலம். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். நீங்க பஸ்ஸுல உக்காந்தா உங்க கால் எங்க படும்? தரையில படும். எனக்கு முன்சீட்டுக்காரன் முதுகுல படும். அவன் திரும்பிப் பாத்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க சார்"ம்பான். சினிமா கொட்டகையில பின்னாடி இருக்கறவன், "கொஞ்சம் குனிஞ்சு அட்ஜஸ்ட் பண்ணுங்க"ம்பான். கல்யாணத்துல போட்டோகிராபர் என்னைக் கடைசி வரிசைக்குத் தள்ளுவான். என் கல்யாணத்துலயே, சார், மாப்பிள்ளை நான், என்னை நாற்காலியில உக்கார வச்சு, பொண்ணை நிக்க வச்சுத்தான் எடுத்தான். குடலிறக்கம்னு ஆஸ்பத்திரியில படுத்தப்போ கால் கட்டிலுக்கு வெளிய தொங்குது. நர்சம்மா வந்து, "மடக்கி அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க"ன்னாங்க. வயித்துல தையல் சார்! எங்க மடக்கறது?

அந்த வார்த்தை மேல எனக்கு அவ்வளவு வெறுப்பு. அட்ஜஸ்ட். நம்ம ஊர்ல அது ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. கேக்கறவன் ஒரு நாளும் பண்ண மாட்டான். அடுத்தவனைத்தான் பண்ணச் சொல்லுவான்.

ரெண்டு வருஷம் முன்னாடி எழில் அங்க வீடு வாங்கினா. "பால் காய்ச்சறோம், ரெண்டு பேரும் வாங்கப்பா"ன்னு கூப்பிட்டா. கல்ஃப் வரைக்கும் சின்ன ஃப்ளைட், அங்க மாறி டல்லாஸுக்குப் பதினாறு மணி நேரம். பதினாறு மணி நேரம் சார்! எனக்கு அப்பவே வலது முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பிசினஸ் கிளாஸ்லாம் நமக்குக் கட்டுப்படி ஆகாது. சாதாரண டிக்கெட்டுலயே கால் நீட்ட ஒரு சீட்டு இல்லாமலா போயிடும்னு தேட ஆரம்பிச்சேன்.

ஜாதகம் பாக்கற மாதிரி பாத்தேன் சார். ஃப்ளைட்டோட படம் நெட்டுல கிடைக்குது, எந்த சீட்டு நல்லது, எது கெட்டதுன்னு பச்சை, சிவப்பு கலர் போட்டு வச்சிருக்கான். கடைசி வரிசை கூடாது, சாயாது, பக்கத்துல பாத்ரூம். ஓரத்து சீட்டுன்னா ஒரு காலை வெளிய நீட்டலாம்னு தோணும், ஆனா சாப்பாட்டு வண்டி வந்து முட்டியிலயே இடிக்கும். சில சீட்டுக்கு அடியில டி.வி.யோட பெட்டி ஒண்ணு இருக்கும், பாதம் போகாது. எமர்ஜென்சி கதவுப் பக்கம் இருக்கு பாருங்க, அதுதான் சொர்க்கம். முன்னாடி செவுரும் இல்ல, ஆளும் இல்ல. அதைத்தான் முதல்ல காசு கட்டி எடுத்தேன். கவுண்டர்ல அந்தப் பொண்ணு என் முட்டி பெல்ட்டைப் பாத்துட்டா. "ஆபத்துன்னா நீங்க கதவைத் தூக்கித் தள்ளணும் சார், கால்ல பெல்ட் போட்டவங்களுக்குத் தர மாட்டோம்"னுட்டா. கால் வலிக்காகத்தாம்மா அந்த சீட்டே கேக்கறேன்ங்கறேன். கால் வலி இருக்கறதாலதான் சார் தர மாட்டோம்ங்கறா. இதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?

கடைசியா அவளே வேற ஒண்ணு தந்தா. முதல் வரிசை. முன்னாடி செவுரு இருக்கும், நான் செவுரு சீட்டும்பேன். முழுசா நீட்ட முடியாது, பாதம் செவுத்துல முட்டும். ஆனா முன்னாடி ஒருத்தன் சாஞ்சு வந்து முட்டியை நசுக்க மாட்டான். அது போதும் எனக்கு.

அந்தச் செவுத்துலதான் கைக்குழந்தைக்குத் தொட்டில் மாட்டுவாங்க. நெட்டையனுக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே சீட்டுதான் வசதி. ஃப்ளைட் செஞ்சவனுக்கு இது தெரியாதா?

சுலோசனாவா? அவளுக்குப் பின்னாடி, நடு சீட்டு. அவ அஞ்சடி சார், எங்க போட்டாலும் அடங்கிடுவா.

கல்ஃப்ல மாறி ஏறி, பெல்ட் போட்டு, பாதத்தைச் செவுத்துல வச்சு, அப்பாடான்னேன். ஏர் ஹோஸ்டஸ் வர்றா. பின்னாடியே ஒரு பொண்ணு, தோள்ல நாலு மாசக் குழந்தை. கரூர்ப் பக்கத்துப் பொண்ணு, பேச்சுல தெரிஞ்சுது. இவ தொட்டில் சீட்டுதான் எடுத்திருந்தாளாம், கடைசி நேரத்துல ஃப்ளைட்டை மாத்தினதுல இடம் மாறிப் போச்சாம். "மிஸ்டர் குணாளன், நீங்க கொஞ்சம் பின்னாடி போக முடியுமா?"ங்கறா ஏர் ஹோஸ்டஸ்.

முடியாதுன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன். காசு கட்டி வாங்கின சீட்டும்மா, எனக்கு முட்டி வலி, இடம் மாத்தினது உங்க தப்பு, அதுக்கு நான் ஆள் இல்லன்னேன். இதுல ஒரு வார்த்தை தப்பா சொல்லுங்க? அந்தப் பக்கம் ஒரு குட்டை ஆளு, மன்னிச்சுக்கங்க, உங்களைச் சொல்லல, அவன் ஆரம்பிச்சான். "அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க சார், குழந்தை." வந்துச்சு பாருங்க கோவம்! அறுபது வருஷமா பண்ணிட்டுத்தான்யா இருக்கேன், ஒரு நாள் நீ பண்ணு, உன் சீட்டைக் கொடுன்னு கத்திட்டேன். அவன் போர்வையை இழுத்து மூடிக்கிட்டான்.

அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லல. ஏதாவது சொல்லியிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். என் முட்டியை ஒரு பார்வை பாத்தா. பின்னாடி போயிட்டா.

கால் மரத்துப் போகக் கூடாதுன்னு நடுவுல எழுந்து நடந்தேன். பின்னாடி வரைக்கும் போனா, சுலோசனா மடியில ஒரு குழந்தை தூங்குது. பக்கத்து சீட்டுல அந்தக் கரூர்ப் பொண்ணு, வாயைத் திறந்தபடி அசந்து தூங்குது. "யாரு குழந்தை இது?"ன்னேன். "நீங்க இடம் கொடுக்காத குழந்தை"ன்னா. உனக்கு எதுக்கு ஊர் வம்பு, கால் வீங்கிடப் போவுதுன்னு அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். என்னை நிமிர்ந்து பாக்கல சார் அவ. சொன்ன மாதிரியே, இறங்கும்போது செருப்புல கால் நுழையல. நான் சொன்னேன், கேட்டாளா?

போன இடத்துல சுலோசனா இதைப் பொண்ணுகிட்டச் சொல்லணுமா? சொல்லிட்டா. பால் காய்ச்சின அன்னைக்கு, எல்லாரும் சாப்பிடறாங்க, எழில் என்னைக் கேக்கறா: "நாளைக்கு எனக்கு ஒரு குழந்தை பொறந்து, நான் தூக்கிட்டு வந்தா, உங்களை மாதிரி ஒருத்தர் உக்காந்திருந்தா என்னப்பா பண்றது?"

உனக்கு நான் முன்னாடியே பாத்து புக் பண்ணித் தருவேம்மா, அப்பா இருக்கும்போது உனக்கு என்ன கவலைன்னேன். நல்ல பதில்தானே? அவ இலையை மூடிட்டு எழுந்துட்டா. மாப்பிள்ளை பாயசத்தைக் கையில வச்சுட்டு முழிக்கறாரு.

இவளும் நெட்டைதான் சார். அஞ்சடி பதினொண்ணு. இவளுக்கு மாப்பிள்ளை தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வந்தவன் எல்லாம் முதல்ல செருப்பு எவ்வளவு உயரம்னு பாத்தான். ஒருத்தன் வீட்டுல, பொண்ணு கொஞ்சம் குனிஞ்சு நடந்தா பரவாயில்லைன்னாங்க. என் பொண்ணு எதுக்குடா குனியணும்னு காபியை வச்சுட்டு வெளிய கூட்டிட்டு வந்தவன் நான். அப்படி வளத்த என் பொண்ணே என் கால் வலியைப் புரிஞ்சுக்கல.

அதுக்கப்புறம் பேச்சே குறைஞ்சு போச்சு. "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா"ன்னு கேப்பா, போனை அம்மாகிட்டக் கொடுங்கன்னுடுவா. பிரசவத்துக்கு அம்மாவை மட்டும் கூப்பிட்டா. "உங்களுக்கு எதுக்குப்பா சிரமம், பதினாறு மணி நேரம் காலை மடக்கிட்டு உக்காரணும்"னா. திடீர்னு என் கால் மேல அக்கறை! சுலோசனா சூட்கேஸைக் கட்டிட்டு, "எனக்கு நடு சீட்டே போதும்"னு சொல்லிட்டுப் போனா. ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு சார். விழுப்புரத்துல தனியா கிடக்கறேன். மெஸ்ஸுல சாம்பாரும் ரசமும் ஒண்ணாத்தான் இருக்கு, ஊத்தறவன் சொன்னாத்தான் எதுன்னு தெரியும்.

ஆனா சொன்ன வாக்கை நான் காப்பாத்தினேன். அவ பேசலன்னா நான் அப்பன் இல்லையா? மாப்பிள்ளைகிட்ட டிக்கெட் நம்பரை வாங்கி, நானே உக்காந்து அதே செவுரு சீட்டு, தொட்டிலோட, ரெண்டு பேருக்கும் சேத்து, ரெண்டு ஃப்ளைட்லயும் எடுத்தேன். எடுத்துட்டு நானே போன் பண்ணி உறுதி பண்ணேன். ஒரு தடவை இல்ல, வாரா வாரம். கால் சென்டர்ல ஒரு பொண்ணு என் குரலைக் கேட்டதும், "குட் மார்னிங் குணாளன் சார், தொட்டில் இருக்கு சார்"னு அவளே சொல்ற அளவுக்கு.

அப்படி எடுத்த சீட்டு சார்! நேத்து கல்ஃப்ல மாறும்போது எழில் போன் பண்றா. ஃப்ளைட்டை மாத்திட்டாங்களாம், இடம் மாறிப் போச்சாம். டல்லாஸ்லேர்ந்து பதினாறு மணி நேரம் பச்சைப் புள்ளையை மடியிலயே வச்சுட்டு வந்திருக்காங்க, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி. நான் எடுத்த செவுரு சீட்டுல ஒருத்தன். ஏர் ஹோஸ்டஸ் கேட்டிருக்கா. முடியாதுன்னுட்டானாம்! காசு கட்டியிருக்கேன்னானாம்! காசு கட்டினா? காசு கட்டினா மனுஷனா இல்லாம போயிடுவானா? கைக்குழந்தை சார்! ஈவு இரக்கம் வேணாமா ஒருத்தனுக்கு?

என்ன சிரிக்கறீங்க? நானும் அதையேதானே பண்ணேன்னு கேக்கறீங்களா? அது வேற, இது வேற சார். நான் ஏர்லைன்ஸ்காரன் தப்புக்கு எதிரா நின்னேன். இவன் என் பேரனுக்கு எதிரா உக்காந்திருக்கான். எனக்கு முட்டி வலி இருந்துச்சு. அவனுக்கும் இருக்கலாமா? இருக்கட்டும். இருந்தா எழுந்து நின்னுட்டு வர வேண்டியதுதானே.

எழில்கிட்டக் கேட்டேன், ஆளு எப்படிம்மா இருந்தான்னு. அடையாளம் வேணும்ல. "நம்ம ஊர்க்காரர்தாம்ப்பா, மெட்ராஸ் ஃப்ளைட்லயும் வர்றாரு. உங்க அளவு நெட்டை. சண்டை போடத்தான் போனேன். அவர் முட்டியைப் பாத்ததும் உங்க ஞாபகம் வந்துடுச்சு. ஒண்ணும் சொல்லாம திரும்பி வந்துட்டேன்"னா. பாத்தீங்களா சார்? அவ்வளவு கஷ்டத்துலயும் அப்பன் ஞாபகம்! ரெண்டு வருஷத்துல அவ என்கிட்ட இவ்வளவு நேரம் பேசினதே நேத்துதான். பொண்ணுன்னா பொண்ணு. அதைக் கேட்டு மனசு குளிர்ந்துதான் போச்சு. அதுக்கப்புறம்தான் அவன் மேல கோவம் ரெண்டு பங்கா ஏறிச்சு.

இருங்க. கதவு திறக்குது. கூட்டமா வர்றாங்க.

அதோ சார்! உங்களுக்குத் தெரியாது, நான் சொல்றேன். எல்லார் தலைக்கும் மேல ஒரு தலை வருது. நரைச்ச தலை. கதவுல குனியறான் பாருங்க, அந்தக் கதவுக்குக் குனியவே வேண்டாம், ஆனாலும் குனிவோம், நானும் குனிவேன், பழக்கம். அவன்தான். அவனேதான். டிராலியைப் பிடிச்சுட்டு வர்றான். கால் விந்துது. விந்தட்டும். வரட்டும். என் கையை விடுங்க சார், அடிக்கல்லாம் மாட்டேன். நாலே வார்த்தை. என்னைத்தான் பாக்கறான். கிட்ட வந்துட்டான்.

போயிட்டான்.

இல்ல, ஒண்ணும் கேக்கல. தலையை ஆட்டினான் சார். நானும் ஆட்டிட்டேன். நெட்டையா இருக்கறவங்க கூட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் பாத்தா தலையாட்டிக்குவோம், முன்ன பின்ன தெரியாதவங்களா இருந்தாலும். உங்களுக்கெல்லாம் தெரியாது, அது மேல நடக்கற விஷயம். சீ! கேக்கணும்னு நேத்துலேர்ந்து வார்த்தையைச் சேத்து வச்சிருந்தேன். போறவனுக்கு வணக்கம் சொல்லி அனுப்பியிருக்கேன். என்னை மாதிரி ஒரு மடையன் இருப்பானா?

எழில்! இந்தா, இங்க, இங்க! அவதான் சார், பச்சைச் சுடிதார், நிமிர்ந்து வர்றா பாருங்க. சுலோசனா தெரியல. கூட்டத்துல அவ எப்பவும் தெரிய மாட்டா. அதோ, டிராலிக்குப் பின்னாடி.

வாம்மா. வா சுலோ. என்னடி, கால் வீங்கியிருக்கு? சரி, நான் ஒண்ணும் சொல்லல. எழில், அந்த ஆளு இப்பத்தான் போனான், நான் பிடிச்சுக் கேக்கறதுக்குள்ள... என்னது? எதுக்குக் கேக்கணும்ங்கற?

கேட்டீங்களா சார் இந்த அநியாயத்தை? ரெண்டாவது ஃப்ளைட்ல இவங்களுக்குத் தொட்டில் கிடைச்சுதாம். புள்ளையைப் போட்டுப் பாத்திருக்காங்க. அடங்கலையாம்! கால் வெளிய வருதாம். மடக்கி வச்சா அழறானாம். இவன் உயரத்துக்குத் தொட்டிலே கிடையாதாம். அந்த செவுரு சீட்டு கிடைச்சிருந்தாலும் உபயோகம் இல்லங்கறா. அப்புறம்? அப்புறம் என்னம்மா பண்ணீங்க?

அவனா?

அவனுக்கு இந்த ஃப்ளைட்ல நடு சீட்டாம். உக்கார முடியாம பின்னாடி நின்னுட்டே வந்தானாம். இவன் அழறதைப் பாத்துட்டு, "குடும்மா, நான் எப்படியும் நிக்கத்தானே போறேன்"னு வாங்கி, தோள்ல போட்டு நடந்தானாம். மெட்ராஸ் வர்ற வரைக்கும் தூங்கினானாம் இவன். என் பேரனை எனக்கு முன்னாடி அவன் தூக்கியிருக்கான் சார்! நான் இங்க கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கறேன், அவன் உள்ள தூக்கி வச்சுட்டு நடந்திருக்கான்! அவனுக்கு நான் தலையை வேற ஆட்டியிருக்கேன்!

யாரு சார் உங்களைத் தொடறது? மச்சானா? சிவப்புத் தொப்பி... எப்ப வந்தாரு? ரொம்ப நேரமா தேடினாரா? நான் மறைச்சுட்டு நின்னேனா? அட, மன்னிச்சுக்கங்க, பேச்சு சுவாரசியத்துல கவனிக்கல.

என்னம்மா எழில்? எனக்கா? இப்பவா? இரு, கையைத் துடைச்சுக்கறேன். "தலையைப் பிடிக்க வேணாம்ப்பா, கழுத்து நின்னுடுச்சு. காலைப் பிடிங்க"ங்கறா. கொடுத்துட்டா சார். அவளே கொடுத்துட்டா.

அடேயப்பா. பாருங்க சார் இந்தக் காலை! போன்ல இதைக் காட்டவே இல்லையே இவங்க. தோள்ல போட்டா என் இடுப்பைத் தொடுது. ஆறு மாசத்துக்கு இந்தக் கால்! எனக்குக் கண் கலங்குது, நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க, சந்தோஷம் இல்ல, கோவம். இவன் எத்தனை பஸ்ஸு ஏறணும், எத்தனை ஃப்ளைட் ஏறணும், எத்தனை பேர் இவனை மடக்கச் சொல்லப் போறாங்க! எவனாவது சொல்லட்டும் பாத்துக்கறேன்.

அய்யோ, உதைச்சுட்டானா? முகத்துலயா? கண்ணாடி உடையலையே? நீட்டறான் சார், அவ்வளவு நேரம் மடங்கியே வந்திருக்கான், நீட்டட்டும். நீங்களும் உங்க மச்சானும் இப்படி ஓரமா போயி கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க சார். குழந்தை.